ஊர் பேர் தெரியாத டேங்க்

நீலகிரியில் சிறு பட்டறை நடத்துகிறவர்களில் பலர் ஏர் கம்ப்ரசரைக் கடையில் வாங்குவதில்லை, தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் மலைக்குக் கீழே இருக்கும் கோயம்புத்தூர் கம்ப்ரசர் செய்கிற ஊர். எல்ஜி நிறுவனம் 1960-இல் தொடங்கியது அங்கேதான். ஆனாலும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் டூ வீலர் பட்டறை, தச்சுப் பட்டறை, பெயின்ட் அடிக்கிற ஷெட் என்று எதற்குள் நுழைந்தாலும் மூலையில் ஒரு பழைய டேங்க் நிற்கும். அதன் தலையில் ஆங்கிள் வைத்து வெல்டிங் அடித்த மோட்டார், பெல்ட், எல்லாவற்றின் மேலும் புதுப் பெயின்ட். விசாரித்தால் உடனே முகம் மலர்ந்து, "நானே செஞ்சதுங்க" என்பார்கள்.

அந்தப் பெருமிதத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. நானும் மெக்கானிக்கல் படித்தவள். பொதுக் காப்பீட்டில் உரிமம் பெற்ற சர்வேயராக வேலை பார்க்கிறேன். தீயோ வெடிப்போ மண்சரிவோ நடந்த இடத்துக்குப் போய், என்ன போயிற்று, எதனால் போயிற்று, பாலிசிப்படி எவ்வளவு தரலாம் என்று அறிக்கை எழுதுவது என் தொழில். பாலிசி விற்பது என் வேலையில்லை. ஆனால் குன்னூரில் குடியிருக்கிற சர்வேயர் என்றால் காய்கறிக் கடையிலும் நிறுத்திக் கேட்பார்கள். அப்படி அடிக்கடி வருகிற கேள்வி ஒன்று: நானே கட்டிய கம்ப்ரசருக்கு இன்சூரன்ஸ் போடுவார்களா?

போடுவார்கள், அதற்கு ஊரும் பேரும் இருந்தால். வீட்டில் கட்டியது என்பதற்காகக் காப்பீட்டு நிறுவனம் முகம் சுளிப்பதில்லை. எங்கே பிறந்தது, எவ்வளவு அழுத்தம் தாங்கும், யார் எப்போது சோதித்தார் என்று எந்தக் காகிதமும் இல்லாத பொருளைக் கண்டுதான் பின்வாங்குகிறது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் காகிதத்தைப் பற்றியதுதான்.

அண்மையில் கட்டபெட்டுப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். தோட்டங்களில் ஆள் கிடைக்காததால் இலை அறுக்கிற மெஷினும் கவாத்து மெஷினும் பெருகிவிட்டன. அவற்றைப் பழுது பார்க்கிற இடம் அது. நடத்துகிறவர் முப்பது வயதுத் தம்பி. அவருடைய தாத்தா, பாட்டி 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீயின் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். கட்டடம் படுகர் பெரியவர் ஒருவருடையது. முன்பு உரமூட்டை அடுக்கிய கிடங்கு. கார்புரேட்டரை ஊத, ஃபில்டரைத் தட்ட, பெயின்ட் அடிக்க என்று காலை முதல் மாலை வரை அங்கே காற்று வேண்டும். ஏறக்குறைய இருநூறு லிட்டர் டேங்க், பழைய கம்ப்ரசர் ஹெட், இரண்டு ஹெச்.பி. மோட்டார். சுவர் நெடுக பி.வி.சி. குழாய். காற்றுச் சேமிப்புக்கு உபரியாக, பக்கத்தில் ஒரு சமையல் கேஸ் சிலிண்டர்.

"டேங்க் எங்க வாங்குனீங்க தம்பி?"

"கோயமுத்தூர்ல பழைய இரும்புக் கடையில மேடம்."

"எந்தக் கம்பெனி? எந்த வருசம்?"

"பிளேட்டு இல்ல மேடம். வாங்குறப்பவே கழண்டிருந்துச்சு."

"எவ்வளவு பிரஷர் ஏத்துறீங்க?"

"நூத்தி இருபது பவுண்டு. சில நேரம் நூத்தம்பது வரைக்கும் போகும். ஆட்டோ கட் இருக்கு."

"கட் ஆகலைன்னா?"

சேஃப்டி வால்வைக் காட்டினார். அதன் வாயில் எம்-சீல் அப்பியிருந்தது. காற்று கசிந்துகொண்டே இருந்ததாம்.

குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் என்ஜின் நிற்கும்போது மேலே வால்வு திறந்து நீராவி சீறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சீறல்தான் என்ஜின் பத்திரமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். குறித்த அழுத்தத்தைத் தாண்டியதும் யாரையும் கேட்காமல் தானே திறந்துகொள்வது ஒன்றே அந்த வால்வின் வேலை. கசிந்தால் மாற்ற வேண்டுமே தவிர அடைக்கக் கூடாது. தம்பியிடம் மோட்டாரை நிறுத்தச் சொல்லி, டேங்கைக் காலி செய்த பிறகுதான் மற்றதைப் பேசினேன்.

இருநூறு லிட்டர் டேங்கில் 10 பார் அழுத்தம், அதாவது தம்பி சொன்ன நூத்தம்பது பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அது ஒரே நொடியில் பிளந்தால் வெளிவரும் ஆற்றல் ஏறக்குறைய 270 கிலோஜூல். ஒரு டன் எடையுள்ள காரை ஒன்பது மாடி உயரத்துக்குத் தூக்கப் போதுமான ஆற்றல். தகரக் கொட்டகைக்குள், தோள் உரசுகிற தூரத்தில், அது விடுபடுகிறது. அதே டேங்கில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிரப்பி அதே அழுத்தம் ஏற்றினால் உள்ளே சேரும் ஆற்றல் இதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, தண்ணீர் அமுங்காது. அதனால்தான் டேங்கைத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கிறார்கள். அதில் விரிசல் விட்டால் தரை நனையும், அவ்வளவுதான். "காத்தடிச்சுப் பாத்துட்டேன், தாங்குது" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அது சோதனையே அல்ல.

பி.வி.சி. குழாயும் அப்படித்தான். தண்ணீருக்கு நல்ல குழாய். காற்றை அடைத்தால், ஒரு நாள் குளிரிலோ ஒரு ஸ்பேனர் விழுந்த அதிர்ச்சியிலோ, பிளப்பதற்குப் பதிலாகச் சில்லுச் சில்லாகச் சிதறும்.

அந்த கேஸ் சிலிண்டருக்கு வருவோம். "இதையும் பாலிசியில சேக்கணும்" என்றார். சேர்க்க முடியாது. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் நம்முடையதல்ல. எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. டெபாசிட் கட்டி வைத்திருக்கிறோம். காப்பீட்டின் முதல் விதி, ஒரு பொருள் அழிந்தால் எனக்குச் சட்டப்படி நட்டம் ஏற்பட வேண்டும். என்னுடையதல்லாததை வெட்டி ஒட்டி டேங்காக்கி, அதற்கு நான் பாலிசி கேட்க முடியாது. அதோடு, ஒரு வாயுவுக்கான சிலிண்டரை வேறு வாயுவுக்கு மாற்ற, வெடிபொருள் சட்டத்தின் கீழ் உள்ள கேஸ் சிலிண்டர் விதிகள் முறையான அனுமதி கேட்கின்றன. பொறியியல் காரணமும் உண்டு. அந்தச் சிலிண்டரின் அடியில் தண்ணீரை வடிக்க வழி கிடையாது. ஈரமான காற்று உள்ளே போனால் துரு உள்ளேயே வளரும். தம்பி அதை அன்றே கழற்றி வைத்தார்.

ஈரம் என்று சொன்னேன். இந்த மலையில் டேங்கின் முதல் எதிரி அதுதான். தென்மேற்குப் பருவத்திலும் ஐப்பசி கார்த்திகையிலும் இங்கே காற்று முழுக்க நனைந்தே இருக்கும். 15 டிகிரியில் நிறைஈரக் காற்று ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 13 கிராம் தண்ணீரைச் சுமக்கிறது. நிமிடத்துக்கு இருநூறு லிட்டர் காற்றை இழுக்கும் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு சிறு டம்ளர் தண்ணீர் டேங்கின் அடியில் சேர்ந்துவிடும். தினமும் வடிக்காவிட்டால் அடித்தகடு உள்ளிருந்து கரையும். வெளியே பெயின்ட் மினுமினுக்கும்.

கணக்கு எளிது. 400 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள டேங்கில் 10 பார் என்றால், தகடு 4 மில்லிமீட்டர் கனமாக இருக்கையில் அதில் விழும் இழுவிசை சதுர மில்லிமீட்டருக்கு 50 நியூட்டன். துரு தின்று 2 மில்லிமீட்டர் ஆகிவிட்டால் 100. சாதாரண இரும்புத் தகட்டுக்கு, அதுவும் யார் வைத்தார் என்று தெரியாத வெல்டிங்குக்கு, அது எல்லையைத் தொட்ட நிலை. தகட்டின் கனத்தை வெட்டாமலே அல்ட்ராசானிக் மீட்டர் வைத்து வெளியிலிருந்து அளந்துவிடலாம். டேங்க் வாங்கும் முன்பே அளப்பது நல்லது.

உயரமும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். குன்னூரில் ஐந்தில் நாலு பங்கு. கீழே 8 பார் எடுக்கக் காற்றை ஒன்பது மடங்கு அமுக்கினால் போதும். ஊட்டியில் பதினொன்றுக்கு மேல். அதனால் ஒரே டேங்க் நிறைய இங்கே அதிக நேரம் பிடிக்கிறது, ஹெட் அதிகம் சுடுகிறது, எண்ணெய் கருகி வால்வில் கரியாகப் படிகிறது. மோட்டாரும் அப்படியே: பொதுவாக மோட்டார்களின் திறனை 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் குறிக்கிறார்கள். அதற்கு மேல் காற்று மெலிந்து குளிர்ச்சி குறைவதால் சுமையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கோயம்புத்தூரில் பத்து வருடம் ஓடுகிற மோட்டார் இங்கே ஏன் சுருண்டுபோகிறது என்று கேட்பவர்களுக்குப் பாதி பதில் இதில் இருக்கிறது. அதனால்தான் காப்பீட்டுக்கான முன்மொழிவுப் படிவத்தில் கம்ப்ரசர் எங்கே ஓடுகிறது என்பதையும் எழுதச் சொல்வது என் வழக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது? நீராவிக் கொதிகலன்களுக்குத் தனிச் சட்டம் 1923-இல் வந்தது. 2025-இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேறியது. இரண்டும் நீராவிக்குத்தான். காற்று டேங்குக்கு 2025 வரை பொருந்தி வந்தவை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 31-ஆம் பிரிவும் அதையொட்டி வந்த விதிகளும். தகுதியுள்ள நபர் என்று அரசு அங்கீகரித்தவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிப்புறத்தையும், ஆண்டுக்கு ஒருமுறை உட்புறத்தையும், நாலு ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனையும் பார்க்க வேண்டும் என்பது அந்த விதிகளின் சாரம். அழுத்தமானியில் உச்ச அழுத்தத்துக்குச் சிவப்புக் கோடு, டேங்கின் தாழ்ந்த இடத்தில் வடிகுழாய், சேஃப்டி வால்வு எல்லாம் அதிலேயே இருக்கின்றன. நம் ஊர்த் தேயிலைத் தொழிற்சாலைகளில் காம்பையும் நாரையும் காற்றால் ஊதித் தள்ளும் கலர் சார்ட்டருக்குப் பின்னால் நிற்கிற டேங்குக்கு இந்தச் சான்று கோப்பில் இருக்கும்.

பட்டறைத் தம்பிக்கு இந்த விதி எட்டாது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் 1948 சட்டத்தின் கணக்கில் அது தொழிற்சாலையாக இருந்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த தொழில்பாதுகாப்புத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்தியது. அவரிடம் இருப்பது ஒரே ஒரு உதவியாளர். சட்டம் விலகி நிற்கும் இந்த இடத்தில்தான் காப்பீடு அதன் வேலையைச் செய்ய முடியும் என்று நான் நம்புகிறேன்.

காரணம், அழுத்தத்துக்கான காப்பீடு பிறந்ததே சோதனையிலிருந்து. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1854-இல் ஆலைக்காரர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். கொதிகலன்களைப் பார்வையிட ஆய்வாளர்களை அனுப்புவதுதான் அதன் வேலை. அந்த ஊரிலேயே 1858-இல் கொதிகலனுக்கென்று முதல் காப்பீட்டு நிறுவனம் வந்தது. அமெரிக்காவில் 1865 ஏப்ரலில் மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற நீராவிக் கப்பலின் கொதிகலன்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டே ஹார்ட்ஃபோர்டு நகரில் கொதிகலன் ஆய்வு, காப்பீடு இரண்டுக்குமாக ஒரு நிறுவனம் தொடங்கியது. அதன் பெயரில் ஆய்வு என்ற சொல் காப்பீட்டுக்கு முன்னால் நிற்கிறது. வாங்கிய பிரீமியத்தில் கணிசமான பகுதியை ஆய்வாளர்களை அனுப்பவே செலவழித்தார்கள். வெடித்த பிறகு கொடுப்பதைவிட வெடிக்காமல் பார்ப்பது அவர்களுக்கும் லாபம், தொழிலாளிக்கும் உயிர்.

இப்போது பாலிசிக்கு வருவோம். சிறு பட்டறைக்கு அடிப்படை, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. ஒரே இடத்தில் உள்ள சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருந்தால் இது பொருந்தும். எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் தர வேண்டிய பாலிசி. தீ, இடி, புயல், வெள்ளம், மண்சரிவு ஆகியவற்றோடு வெடிப்பும் இதில் அடக்கம். வெடிப்புக்கு ஒரு விலக்கு உண்டு: நீராவி உண்டாக்கும் கலம் தானே வெடித்தால் அந்தக் கலத்துக்குப் பணம் கிடையாது. காற்று டேங்க் நீராவி உண்டாக்குவதில்லை. ஆகவே பட்டறையின் இயந்திரப் பட்டியலில் அதன் பெயர் ஒழுங்காக இருந்தால், வெடிப்பு நட்டம் இந்தச் சாதாரண பாலிசிக்குள்ளேயே வந்துவிடும். பலர் இதை அறியாமல் இருக்கிறார்கள், ஏஜென்டுகளிலும் சிலர்.

இதில் வராதவையும் உண்டு. மோட்டார் தானே ஷார்ட் ஆகிக் கருகினால் அந்த மோட்டாருக்குத் தீப் பாலிசி தராது; அதற்கு இயந்திரப் பழுதுப் பாலிசி என்று தனியாக இருக்கிறது. டேங்கின் அடி துருப்பிடித்து ஊசித் துளை விழுந்து காற்று கசிந்தால் எந்தப் பாலிசியும் தராது. தேய்மானம் உரிமையாளர் பொறுப்பு. வெடிப்பும் நசுங்கலும் மட்டும் அல்லாமல் அதனால் பக்கத்துக் கட்டடத்துக்கும் ஆளுக்கும் வரும் பொறுப்பையும் சேர்த்துத் தாங்குவது கொதிகலன் மற்றும் அழுத்தக் கலன் பாலிசி. அதைத் தரும் முன் நிறுவனம் சோதனைச் சான்று கேட்கும்; சேஃப்டி வால்வைத் தொடக் கூடாது என்று நிபந்தனை போடும். எம்-சீல் அப்பிய வால்வோடு வெடித்த டேங்குக்கு நான் எழுதும் அறிக்கை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உதவியாளருக்கு அடிபட்டால் இழப்பீட்டுக்குச் சட்டம் முதலாளியைத்தான் பிடிக்கும், அந்த முதலாளி ஒற்றை ஆளை வைத்திருக்கும் தம்பியாகவே இருந்தாலும். அதற்குத் தனிப் பாலிசி உண்டு. எனக்கு மிக அவசியமாகப் படுவது அதுதான்; டேங்குக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பது அந்தப் பையன்.

வாடகைக் கட்டடம் என்பதால் சிக்கல் இன்னொரு மடிப்பு மடிகிறது. கட்டடச் சொந்தக்காரரைப் பார்க்கப் போனோம். திண்ணையில் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார்.

"ஐயா, கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்களா?"

"இருக்கும்மா. லோன் வாங்கினப்போ பேங்குல போட்டுவிட்டாங்க. வருசா வருசம் கட்டிட்டுத்தான் வர்றேன்."

காகிதத்தை எடுத்துவரச் சொன்னேன். அதில் 'உரக் கிடங்கு' என்று இருந்தது. கட்டடத்துக்குள் நடக்கும் தொழில் மாறினால் நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும். தின்னர், பெட்ரோல், வெல்டிங், காற்று டேங்க் எல்லாம் இருக்கிற பட்டறையாக அது மாறியது நிறுவனத்துக்குத் தெரியாது. தீப்பிடித்தால் பெரியவரின் கோரிக்கையே கேள்விக்குள்ளாகும். குடியிருப்பவர் கட்டிய டேங்கால் சொந்தக்காரரின் பாலிசி ஆட்டம் காண்பது இப்படித்தான். அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தலை குனிந்தார். "பேங்குல நானே போய் மாத்திச் சொல்றேன்" என்றார் பெரியவர். கூடுதல் பிரீமியத்தை வாடகையோடு தருவதாகத் தம்பி ஒப்புக்கொண்டார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெரியவருக்கு நிறுவனம் கட்டடத்துக்கான பணத்தைக் கொடுத்துவிட்டால், நட்டத்துக்குக் காரணமானவரிடம் அதைத் திருப்பிக் கேட்கும் உரிமை அந்த நிறுவனத்துக்குப் போகிறது. அதாவது வழக்கு தம்பி மேல் வரும். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, எடுத்த நிலையிலேயே இடத்தைத் திருப்பித் தரும் கடமையைக் குடியிருப்பவர் மேல் வைக்கிறது. இயல்பான தேய்மானத்துக்கும் தடுக்க முடியாத சக்திக்கும் மட்டும் விலக்கு. அடைத்த வால்வு தடுக்க முடியாத சக்தி ஆகாது. ஆகவே பெரியவர் தன் பாலிசியில், குடியிருப்பவர் மேல் அந்த உரிமையைப் பயன்படுத்த மாட்டோம் என்ற ஒப்புதலை நிறுவனத்திடம் எழுதிக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் தம்பி தன் பொறுப்புக்குப் பாலிசி எடுக்க வேண்டும்.

அதே 108-ஆம் பிரிவு குடியிருப்பவருக்கு ஒரு பாதுகாப்பும் தருகிறது. தரையோடு போல்ட் போட்டுப் பிணைத்த பொருளையும், இடம் தன் வசம் இருக்கும்வரை அவர் கழற்றிக்கொண்டு போகலாம், இடத்தைப் பழையபடி ஆக்கிக் கொடுத்தால். சுவரில் பதித்த குழாய் யாருடையது என்று பின்னால் சண்டை வருவதைப் பார்த்திருக்கிறேன். பதினோரு மாத ஒப்பந்தத்தில் இதற்கு நாலு வரி போதும்: காற்று அமைப்பு முழுவதும் குடியிருப்பவர் சொத்து, சொந்தக்காரர் சம்மதத்தோடு வைத்தது, காலி செய்யும்போது எடுத்துப் போவார், கட்டடத்துக்குச் சொந்தக்காரரும் உள்ளே உள்ளதற்குக் குடியிருப்பவரும் காப்பீடு செய்வார்கள். தம்பியின் ஒப்பந்தத்தில் வாடகையும் அட்வான்ஸும் மட்டுமே இருந்தன.

மதிப்பு போடுவது அடுத்த சங்கடம். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது, நண்பர் சும்மா கொடுத்தது, தன் உழைப்பு என்று பில் இல்லாமலே பாதி அமைப்பு உருவாகியிருக்கும். "அடக்கம் முப்பதாயிரம்தான்" என்று குறைத்துப் போட்டால் பிரீமியம் சில்லறை மிச்சமாகும். அடி பின்னால் விழும். 80,000 ரூபாய் மதிப்புள்ளதை 40,000 என்று போட்டிருந்தால், 20,000 ரூபாய் சேதத்துக்கும் பாதிதான் வரும். மதிப்புக் குறைவு 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் மட்டுமே சூக்ஷ்ம பாலிசி கண்டுகொள்ளாமல் விடும். அதே திறனுள்ள புதிய கம்ப்ரசருக்கு இரண்டு கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, ஒரு சார்ட்டர்ட் இன்ஜினியரிடம் மதிப்பீட்டுச் சான்று எடுத்து வைப்பதே நேர்வழி.

படிவத்தில் உண்மையைச் சொன்னால் மறுத்துவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. சொல்லுங்கள். நானே கட்டியது, டேங்க் பழையது, இந்தத் தேதியில் இந்த அழுத்தத்தில் சோதித்தது, பெயின்ட் வேலை உண்டு, மோட்டார் இந்த இணைப்பில் ஓடுகிறது. வீட்டு மின் இணைப்பில் பட்டறை ஓட்டிக்கொண்டு அதை மறைப்பது, கோரிக்கை நாளில் சர்வேயர் மீட்டர் அட்டையைப் புரட்டும்போது வெளியே வந்துவிடும். சொன்னதை ஏற்று பிரீமியம் வாங்கிய நிறுவனம், பிறகு அதையே காரணம் காட்டி மறுப்பது மிகக் கடினம். பிரீமியம் கட்டாதவரை பாலிசி தொடங்காது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவு அதைத் தெளிவாக வைத்திருக்கிறது. ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்ன "போட்டாச்சுண்ணே" எதற்கும் உதவாது.

மண்சரிவு பற்றி ஒரு வார்த்தை. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பக்கம் மலை சரிந்து மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. பாலிசியில் மண்சரிவு உண்டு. ஆனால் வெட்டுவேலையால் வரும் சரிவுக்கு விலக்கும் உண்டு. கம்ப்ரசர் சத்தம் வெளியே போகட்டும் என்று கொட்டகைக்குப் பின்னால் மேட்டை வெட்டி மேடை கட்டுகிறவர்கள், உயிரோடு சேர்த்து அந்தப் பாதுகாப்பையும் வெட்டிவிடுகிறார்கள்.

நட்டம் நடந்துவிட்டால் சிதறிய டேங்கின் துண்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிழிந்த ஓரத்தைப் பார்த்தாலே தகடு எவ்வளவு மெலிந்திருந்தது, வெல்டிங் விட்டதா என்று சொல்லிவிடலாம். உங்கள் பக்கச் சாட்சி அதுதான். கோரிக்கையை மறுத்தால், முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட்டு ஒரு மாதம் பொறுத்து, பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனி ஒருவர் நடத்தும் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. கட்டணம் கிடையாது. வரம்பு 50 லட்சம் ரூபாய்.

தம்பியின் டேங்குக்கு என்ன ஆயிற்று? தகடு அளந்தபோது உடல் நன்றாக இருந்தது. அடியில் ஒரு கையகல இடம் மட்டும் மெலிந்திருந்தது. ஒட்டுப் போட வேண்டாம், டேங்கையே மாற்றுங்கள் என்றேன். சான்றோடு வருகிற சிறிய டேங்க் ஒன்று வாங்கினார். தன் ஹெட், தன் மோட்டார், தன் ஃபிரேம் அப்படியே இருக்கின்றன. சேஃப்டி வால்வு புதியது, பி.வி.சி. போய் இரும்புக் குழாய் வந்துவிட்டது. ஒரு பித்தளைத் தகட்டில் கொள்ளளவு, உச்ச அழுத்தம், சோதனை அழுத்தம், தேதி ஆகியவற்றைப் பொறித்து டேங்கில் மாட்டியிருக்கிறார். சூக்ஷ்ம பாலிசியும் உதவியாளருக்கான பாலிசியும் கிடைத்துவிட்டன. கொதிகலன், அழுத்தக் கலன் பாலிசிக்கு நிறுவனம் மொத்த அமைப்புக்கும் தகுதியுள்ள நபரின் சான்று கேட்டிருக்கிறது. அதற்கு ஆள் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். ஒரு டேங்குக்காக மலையேறி வர யாரும் ஆர்வம் காட்டவில்லை. வருகிறவர் கேட்கும் தொகை தம்பியின் ஒரு மாத வாடகைக்கு மேல்.

இதை மாற்ற முடியும். ஊட்டியில் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் அங்கீகரிக்கப்பட்ட நபர்களின் பட்டியல் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் ஒவ்வொரு நாள் சோதனை முகாம் வைத்தால் போதும். தேவைப்படுவது ஒரு கைப் பம்ப், சரிபார்த்த அழுத்தமானி ஒன்று, தகடு அளக்கும் மீட்டர், கையெழுத்துப் போடும் தகுதியுள்ள ஒருவர். டேங்கைக் கழற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வரத் தம்பியைப் போன்றவர்கள் தயார். மையத்துக்கு இப்படி ஒரு மனு எழுதி, பட்டறைக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.